கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி: முதல் காசு எதற்கு?

சொந்தமாகக் கம்ப்யூட்டர் பூட்டும் இளைஞர்கள் அம்பர்நாத்திலும் பெருகி விட்டார்கள். பிராசஸர் என்ன, கிராபிக்ஸ் கார்டு என்ன என்று தேர்ந்தெடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அதற்கு அடுத்தபடியாக இப்போது புதிய ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. விசிறி போதாது, தண்ணீரை ஓட்டிக் கம்ப்யூட்டரைக் குளிர்விக்க வேண்டும் என்பதே அந்த ஆசை.

ஆசையில் தவறு இல்லை. ஆனால், இதற்கு வேண்டிய பம்ப், ரேடியேட்டர், குழாய், பிட்டிங் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றின் விலையே வந்து விடும். கம்பெனி வேலையில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. எனவே, எந்த உறுப்புக்கு முதலில் காசு கொடுப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற கேள்வி, விளையாட்டுக் கேள்வி அல்ல. வீட்டு வரவு செலவைத் தொடும் கேள்வி.

இன்று பெரும்பாலும் நடப்பது என்ன? கண்ணுக்குத் தெரிவதற்கு முதல் காசு போகிறது. வண்ண விளக்கு, வண்ணத் திரவம், கண்ணாடி போன்ற வளைந்த குழாய் ஆகியவை முதலில் வாங்கப்படுகின்றன. மிஞ்சிய பணத்தில், கிடைத்த ரேடியேட்டரும் கிடைத்த பம்பும் வாங்கப்படுகின்றன. இந்த வரிசை தலைகீழானது. வெப்பத்தை வெளியேற்றும் உறுப்புகளுக்கே முதல் காசு. அழகுக்குக் கடைசிக் காசு. முதல் முறை செய்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய விதி இது ஒன்றுதான்.

பழைய வித்தை

தண்ணீரால் கம்ப்யூட்டரைக் குளிர்விப்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று எண்ணுவது தவறு. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களில் தண்ணீரை ஓட விட்டது. 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில், மின்சாரம் கடத்தாத திரவம் ஒன்றில் சர்க்யூட் பலகைகளையே மூழ்க வைத்தார்கள். 2004-ல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி-5 கம்ப்யூட்டர் ஒன்றைத் திரவக் குளிர்ச்சியுடன் விற்றது. அவற்றில் சில பின்னாளில் கசிந்து உட்புறத்தைக் கெடுத்ததும் உண்டு.

இதன் காரணம் எளிது. ஒரே கன அளவை எடுத்துக் கொண்டால், காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். சிப்பின் மேல் அமரும் செப்புக் கட்டிக்கு வாட்டர் பிளாக் என்று பெயர். தண்ணீர் அதன் வழியே ஓடி வெப்பத்தை வாங்கிக் கொள்கிறது. ரேடியேட்டரில் அதை இறக்கி வைக்கிறது. பம்ப் அதை மீண்டும் சுற்றுக்கு அனுப்புகிறது. மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

அம்பர்நாத்துக்கு இது புதிதா? எம்.ஐ.டி.சி. பேட்டையில் உள்ள ரசாயனக் கம்பெனிகளில், ரசாயனக் கலன்களைச் சுற்றி ஓடும் தண்ணீரையும், அதைக் குளிர வைக்கும் கூலிங் டவரையும் பார்க்காத தொழிலாளி இல்லை. லேத் பட்டறையில் வெட்டும் முனையின் மேல் கூலன்ட் பாய்ச்சும் சின்னப் பம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே பிட்டராகவோ, டர்னராகவோ, பாய்லர் ஆபரேட்டராகவோ வேலை பார்த்த தமிழர்கள் பலர் உண்டு. பம்ப் வறண்டு ஓடினால் கெடும், வாஷர் சரியில்லை என்றால் கசியும், சூடு இறங்க இடம் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த பாடம். மகன் வெளிநாட்டு வீடியோவில் தேடும் விடை, பல வீடுகளில் அப்பாவிடமே இருக்கிறது.

முதலில் தேவையா?

எதை வாங்குவது என்பதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸரின் வெப்ப அளவு 120 வாட். நல்ல காற்று விசிறி ஒன்றே அதற்குப் போதும். இன்டெல் கோர் ஐ9 14900கே போன்றது முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதற்குக்கூட, கம்பெனியிலேயே தண்ணீர் அடைத்து மூடிய செட் கடையில் கிடைக்கிறது. அதில் குழாய் வெட்டும் வேலையும் இல்லை. தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

ஆகவே, பிராசஸருக்கு மட்டும் என்றால் தனியாக உறுப்பு வாங்கிப் பூட்டுவது வீண் செலவு. கிராபிக்ஸ் கார்டையும் அதே சுற்றில் சேர்க்கும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு. இந்தக் கார்டுகள் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5090-ல் 575 வாட் வரை வளர்ந்து விட்டன. இரவெல்லாம் அனிமேஷன் படம் கணக்கிடும் மாணவனுக்கும், வீடியோ வெட்டிப் பிழைக்கும் இளைஞனுக்கும், விசிறிச் சத்தம் இல்லாமல் கார்டு குளிர்வது பயனுள்ள காரியமே. மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுகிறவனுக்கு அது தேவையில்லை.

கார்டின் மேல் உள்ள விசிறிப் பகுதியைக் கழற்றினால், சில நிறுவனங்களின் உத்தரவாதம் போய்விடும். வாங்கும் முன்பே இதைக் கடைக்காரரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது. புதுக் கார்டைச் சில வாரங்கள் அதன் சொந்த விசிறியுடனேயே ஓட்டிப் பார்த்து, பழுது இல்லை என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

அம்பர்நாத் வெயில் கணக்கு

இளைஞர்கள் பார்த்துப் படிக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே அறையின் வெப்பம் 20 டிகிரி. இங்கே? கடற்காற்று எட்டாத அம்பர்நாத், பத்லாபூர் பகுதிகளில் கோடைப் பகலில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. மாலையிலும் வீட்டுக்குள் 35 டிகிரி நிற்கும்.

ரேடியேட்டர் எத்தனை பெரிதானாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் குளிர வைக்க அதனால் முடியாது. கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது, தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதலாக இருப்பது நல்ல அமைப்புக்கு அடையாளம். குளிர் நாட்டில் அது 30 டிகிரி. இங்கே 45 டிகிரி. பம்புகள் பலவற்றுக்கு 60 டிகிரிதான் மேல் எல்லை. பி.இ.டி.ஜி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயும் ஏறத்தாழ அந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். குளிர் நாட்டுக்காரருக்கு 30 டிகிரி இடைவெளி இருக்கிறது. அம்பர்நாத்காரருக்கு அதில் பாதிதான்.

இதனால் விளைவது என்ன? அங்கே ஒரு ரேடியேட்டர் போதும் என்று சொன்னால், இங்கே அதைவிடப் பெரிதாக வாங்க வேண்டும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று அமரும் ரேடியேட்டர் பகுதிக்கு, 100 வாட் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பானது. 120 வாட் பிராசஸரும் 200 வாட் கார்டும் சேர்ந்தால் 320 வாட். மூன்று விசிறி அமரும் 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று, இதற்கு மட்டுமட்டாகப் போதும். அதோடு இரண்டு விசிறி அமரும் 240 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றையும் சேர்த்தால், மே மாதத்திலும் விசிறி மெதுவாக ஓடினால் போதும்.

ரேடியேட்டரின் தகடுகள் மிக நெருக்கமாக இருப்பதும் இங்கே சரிப்படாது. நெருக்கமான தகட்டுக்கு வேகமான விசிறி வேண்டும். தொழிற்பேட்டைத் தூசும் சாலைத் தூசும் அதில் விரைவில் அடைத்துக் கொள்ளும். தகடு சற்று விலகியதாகவும், முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வலை உள்ளதாகவும் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. தண்ணீர், வெப்பத்தை அழிப்பதில்லை. கேபினெட்டிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், ஐந்து பழைய 100 வாட் பல்புகளை அறையில் எரிய விட்டதற்குச் சமம். நாள்தோறும் ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 90 யூனிட் மின்சாரம். ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில், தாயும் தங்கையும் அந்தச் சூட்டில்தான் தூங்க வேண்டியிருக்கும். வண்ண விளக்குக்குச் செலவழிக்கும் பணத்தில், ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் பேன் மாட்டினால் கம்ப்யூட்டருக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.

ஒரே உலோகம்

முதல் முறை வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் உலோகம். மலிவான செட்டுகளில் அலுமினிய ரேடியேட்டர் வரும். வாட்டர் பிளாக்கோ செம்பாக இருக்கும். ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால், பேட்டரிக்குள் நடப்பது போன்ற வேலை அங்கே தொடங்கும். அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். அரித்த துகள் வாட்டர் பிளாக்கின் நுண்ணிய வழிகளை அடைக்கும். கடைசியில் ரேடியேட்டரே ஓட்டையாகும்.

செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப் போகும். வாங்கும் உறுப்புகள் எல்லாமே இந்த இனத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் உலோகத்தின் பெயர் எழுதப்படவில்லை என்றால், அந்தப் பொருளை வாங்காமல் விடுவதே மேல்.

எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீர் கூடாது. டேங்கர் தண்ணீரும் கூடாது. அம்பர்நாத்திலேயே ரயில்நீர் தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பாட்டில் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றது, கம்ப்யூட்டருக்கு ஏற்றதல்ல. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் உலோகத்தில் படியும், அரிப்பையும் தூண்டும்.

வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகப் பேட்டரிக் கடைகளில் விற்கிறார்கள். பேட்டரி ஆசிட் வேறு, டிஸ்டில்ட் வாட்டர் வேறு என்பதை லேபிளைப் படித்து உறுதி செய்து கொள்ள வேண்டும். அதில் பாசி பிடிக்காமலும் துரு ஏறாமலும் இருக்க, இதற்கென்றே விற்கும் மருந்தை அளவாகக் கலக்க வேண்டும். இல்லையென்றால் தயாராகக் கலந்து வரும் நிறமற்ற கூலன்டை வாங்கலாம். பால் போன்ற வண்ணத் திரவங்கள் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் படிந்து வழியை அடைக்கும். வண்ணம் வேண்டுமென்றால் வண்ணக் குழாய் வாங்கட்டும். தண்ணீர் தெளிவாகவே இருக்கட்டும்.

மின்சாரம் கடத்தாத திரவம் என்ற விளம்பரத்தை நம்பிக் கசிவுக்கு அஞ்சாமல் இருப்பதும் தவறு. புதிதாக ஊற்றும்போது அது உண்மையாக இருக்கலாம். உலோகத்தோடு உறவாடிய சில காலத்தில் எந்தத் தண்ணீரும் மின்சாரம் கடத்தத் தொடங்கி விடும்.

நிலைப்பது எது, கழிவது எது?

உறுப்புகளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு நல்ல உரைகல் உண்டு. அடுத்த கம்ப்யூட்டருக்கும் இது வருமா என்று கேட்டுப் பார்ப்பதே அது.

நல்ல ரேடியேட்டர் பல ஆண்டுகள் உழைக்கும். பம்பும் அப்படியே. டி5, டி.டி.சி. என்ற இரண்டு இனங்கள் பெயர் பெற்றவை. முதல் முறைக்கு, தண்ணீர்த் தொட்டியோடு சேர்ந்தே வரும் டி5 பம்ப் வசதியானது. தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்பதால் பம்ப் வறண்டு ஓடும் ஆபத்து குறைவு. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் போதும். அந்த ஓட்டத்தில் 400 வாட் வெப்பம் ஏறினாலும், சுற்றின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை டிகிரிதான். ஆகவே, தண்ணீர் முதலில் பிராசஸருக்குப் போக வேண்டுமா, கார்டுக்குப் போக வேண்டுமா என்று மணிக்கணக்கில் வாதாடுவது வீண். குழாய் குறுகிய வழியில் போனால் சரி.

பிராசஸரின் பிளாக், பிடிப்புத் தகட்டை மாற்றினால் அடுத்த மதர்போர்டுக்கும் பொருந்தக் கூடும். கிராபிக்ஸ் கார்டின் முழு பிளாக் அப்படி அல்ல. அது அந்த ஒரு மாடல் கார்டுக்கு மட்டுமே வெட்டப்பட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனி மாறினால் பலகை மாறலாம், பிளாக் பொருந்தாமல் போகலாம். கார்டை விற்கும் நாளில் பிளாக்கும் பழைய உலோகமாகி விடும். எனவே, இந்த பிளாக் எளிதாகக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டைத் தேர்வு செய்ய வேண்டும். கார்டை வாங்கிவிட்டுப் பிளாக் தேடுவது, செருப்பு வாங்கிவிட்டுக் கால் தேடுவது போன்றது.

குழாயில், முதல் முறைக்கு மிருதுவான குழாயே சரி. சூடுகாட்டி வளைக்கும் கெட்டிக் குழாயில் ஒரு வளைவு தவறினால் ஒரு குழாய் வீண். மிருதுவான குழாயை வெட்டும் கத்தி எந்த வீட்டிலும் இருக்கிறது. இ.பி.டி.எம். என்ற கறுப்பு ரப்பர் குழாய் பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் கண்ணாடி போன்ற மிருதுவான பிளாஸ்டிக் குழாய் போல் நாளடைவில் மங்கித் தண்ணீரைக் கெடுக்காது.

பிட்டிங்கைக் கடையில் நின்று எண்ணக் கூடாது. வீட்டிலேயே எண்ண வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு. பிராசஸர், கார்டு, இரண்டு ரேடியேட்டர், பம்ப் என்றால் பத்து. தண்ணீரை வடிக்க அடியில் ஒரு வால்வும் அதற்கான டீ பிட்டிங்கும் வேண்டும். கைவசம் இரண்டு உபரி இருப்பது நல்லது. வடிகால் வால்வை மிச்சம் பிடித்தவர்கள், தண்ணீர் மாற்றும் நாளில் கம்ப்யூட்டரைத் தலைகீழாகப் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பொறுமைக்கு விலை இல்லை

எல்லாம் பூட்டிய பிறகு, ஒரு காசும் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் ஓட விட வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைக் காகிதத்தை வைக்க வேண்டும். காகிதம் நனையவில்லை என்றால் மட்டுமே மற்ற இணைப்புகளைக் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றும் முன்பே காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் சிறு பம்பும் விற்கிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொண்டால் போதும்.

கம்பெனியில் புதிய குழாய் போட்டால், அழுத்தச் சோதனை செய்யாமல் யாரும் வால்வைத் திறப்பதில்லை. வீட்டில் மட்டும் ஏன் அவசரம்?

இத்தனையும் எதற்கு?

வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று பெரியவர்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இன்று ஒரு நல்ல பதில் உண்டு.

செயற்கை அறிவுக்கு வேண்டிய கம்ப்யூட்டர்கள் சிலவற்றைக் காற்றால் மட்டும் குளிர்விக்க முடியாத நிலை வந்து விட்டது. 2024-ல் என்விடியா அறிவித்த ஜி.பி.200 என்.வி.எல்.72 என்ற அமைப்பில் 72 கிராபிக்ஸ் சிப்புகள் ஒரே அலமாரியில் அமர்கின்றன. ஒரு அலமாரியே சுமார் 120 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். அது திரவத்தால் குளிர்விக்கப்படுகிறது. ஐரோலி, மஹாபே என்று நவி மும்பை நெடுகிலும் டேட்டா சென்டர்கள் எழுந்திருக்கின்றன. அவற்றில் நாளை வேலைக்கு வேண்டியவர்கள், கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவர்கள் அல்ல. குழாய் மட்டும் தெரிந்தவர்களும் அல்ல. இரண்டும் தெரிந்தவர்கள்.

அப்பாவின் பட்டறை அறிவும் மகனின் கம்ப்யூட்டர் அறிவும் ஒரே மேசையில் சந்திக்கும் வாய்ப்பு இது. வெப்பக் கணக்குப் போட்டு, உலோகம் பார்த்து, கசிவு சோதித்து ஒரு அமைப்பைப் பூட்டியவன், ஒரு தொழிலின் முதல் பாடத்தைப் படித்தவன் ஆகிறான். வண்ண விளக்கை மட்டும் பார்த்து வாங்கியவனுக்கு அந்தப் பாடம் கிடைக்காது. பணம் மட்டும் போகும்.

ஆகவே, தாதரில் ரயில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோடு கடைகளுக்குப் போகும் முன், ஒரு தாளில் நான்கு கணக்கை எழுத வேண்டும். மொத்தம் எத்தனை வாட்? எத்தனை விசிறி அளவுக்கு ரேடியேட்டர்? அந்த ரேடியேட்டர் கேபினெட்டில் அமருமா? எல்லாம் ஒரே இன உலோகமா? இந்த நான்குக்கும் விடை எழுதிய தாளை அப்பாவிடம் ஒருமுறை காட்டட்டும். பம்ப் வறண்டு போன சத்தத்தைக் காதாலேயே அறிந்தவர், தாளில் விட்டுப்போன ஒன்றைக் கட்டாயம் சுட்டிக் காட்டுவார்.